கழுத்தில் ஓடும் சத்தம்

குறுக்கபாளையத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் மெதுவாகப் பேசுவது மாதத்தில் ஒரே ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் மூவாயிரம் விசைத்தறிகள் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் ஓடிக்கொண்டே இருப்பதால், அங்கே பிறந்த குழந்தை பேசப் பழகுவதற்கு முன்னால் கத்தப் பழகும், கல்யாணமாகி வந்த புதுப்பெண் புருஷனின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகுவாள், சாவு வீட்டில்கூட ஒப்பாரி தறிச் சத்தத்துக்கு மேலே எழும்பினால்தான் பக்கத்து வீட்டுக்கு விஷயம் தெரியும். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மின்சார ஆட்கள் கம்பங்களில் ஏறி வேலை பார்ப்பதற்காகக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் இருக்காது, அதற்கு ஊரில் பெயர் ஷட்டவுன். அப்படி ஒரு ஷட்டவுன் நாளில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், தறிக்காரர் செங்கோடனின் மகள் தமயந்தி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் கழுத்திலிருந்து சத்தம் கேட்டது.

தறிக்கு நூலைத் தாரில் சுற்றுகிற இடத்தில் கதிர்க்கம்பி சுழலும்போது ஒரு மெல்லிய ரீங்காரம் வருமே, அந்தச் சத்தம். இடது காதுக்குப் பின்னால் தொடங்கித் தோள்பட்டை வரைக்கும் ஓடியது. அவளுடைய அம்மா பாவாயி, கூந்தலுக்குள் வண்டு புகுந்துவிட்டது என்று ஈர்கொல்லிச் சீப்பை எடுத்து அரைமணி நேரம் சீவிப் பார்த்தாள், வண்டு இல்லை. அதற்குள் அண்ணன் அர்த்தநாரி தன் கழுத்திலும் அதே சத்தம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தான். மத்தியானத்துக்குள், எதிர் வீதித் தையல்காரனுக்கும் வாத்தியார் வீட்டுப் பையன்கள் இரண்டு பேருக்கும் இன்னும் இருபது முப்பது பேருக்கும் இருப்பதாகச் செய்தி வந்தது, ஒவ்வொரு வீட்டுச் சத்தமும் ஒவ்வொரு சுருதியில் இருப்பதாகவும் சொன்னார்கள். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது, தறிகள் ஓடத் தொடங்கின, எல்லோரும் வேலைக்குப் போனார்கள். ஆச்சரியப்படுவதற்கு அந்த ஊரில் யாருக்கும் கூலி கிடையாது.

அடுத்த ஷட்டவுனுக்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அந்த முடிவுக்கு வேறு எந்த ஊர்க்காரனும் வந்திருக்கமாட்டான். தறிக்காரர்களுக்கு உலகமே காதில்தான் இருக்கிறது. தறி தடதடத்தால் எங்கோ ஆணி கழன்றிருக்கிறது என்று அர்த்தம், இழுத்து இழுத்து ஓடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அலுங்காமல் ஒரே சீராக ரீங்கரித்தால் எண்ணெய் பட வேண்டிய இடமெல்லாம் பட்டுத் தறி நல்ல கதியில் இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே ரீங்கரிக்கிற மனிதர்கள் நல்ல கதியில் இருக்கிறவர்கள். பார்த்தால் அது சரியாகவும் இருந்தது. சத்தம் உள்ளவர்கள் அறுந்த இழை கீழே விழுவதற்குள் பிடித்து முடிச்சுப் போட்டார்கள், ஒரு டம்ளர் விழுந்தால் முதலில் திடுக்கிட்டு எழுந்தார்கள், சும்மா உட்காரச் சொன்னால் அவர்களால் உட்கார முடியவில்லை.

பிறகென்ன, பெண் பார்க்கிற நாளெல்லாம் ஷட்டவுன் வியாழக்கிழமைக்கு மாறியது, அமாவாசையானாலும் அஷ்டமியானாலும் சரி. ஜாதகத்தில் ராசி, நட்சத்திரத்துக்குக் கீழே ‘சத்தம் உண்டு’ என்று ஒரு வரி எழுதினார்கள். கோயில் நாதஸ்வரக்காரர் சுருதிப்பெட்டி பழுதான ஒரு வருஷம் முழுக்க, தையல்காரனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவன் கழுத்தைக் கேட்டே வாசித்தார். கீழ்த்தெருவில் சத்தமில்லாத ஒரு பெண்ணுக்கு அவள் அத்தைக்காரி கொண்டைக்குள் பொன்வண்டை வைத்துக் கட்டி அனுப்ப, மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அது வெளியே வந்து தட்டில் நடந்தது, அப்படியும் கல்யாணம் நடந்துவிட்டது, அது வேறு கதை.

இத்தனை கேட்ட ஊர் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. சத்தம் யார் பெற்ற பிள்ளைகளுக்கு வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் தெரிந்திருக்காது, ஏனென்றால் குறுக்கபாளையத்தில் பிரஷர் இருப்பதை யாரும் வெளியே சொல்வதில்லை, சொன்னால் தறி கொடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள், மாத்திரையைப் பருப்பு டப்பாவுக்குள் வைத்திருப்பார்கள். செங்கோடனுக்கு அந்த மாத்திரைகூட இல்லை. தலை வலித்தால் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாலு தறி ஓட்டுவார், கண் சிவந்திருந்தால் தூசி என்பார்.

சத்தம் வந்த ஐப்பசிக்கு அடுத்த பங்குனியில் தமயந்தி அந்தியூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் இரண்டு தறிகளுக்கு நடுவே விழுந்தார். அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கூடத்தில் வாயைத் துணியால் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். அர்த்தநாரி வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டான்.

“கரண்ட் அடிச்சிருச்சு அம்மணி. அப்பனக் கரண்ட் அடிச்சிருச்சு.”

அவனுக்கு அப்போது இருபத்துநாலு வயது. அவள் தலையைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படி அழுதான். இரண்டு கழுத்துகளும் ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டிருந்தன, தறி ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. இந்த உலகத்தில் தனக்கென்று ஒரு ஆள் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தமயந்தி நினைத்தாள்.

அன்றிலிருந்து அவள் வெறும் கையால் சுவிட்சைத் தொட்டதில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டுதான் விளக்குப் போடுவாள், மழை பெய்தால் மோட்டார் இருக்கும் சுவரின் பக்கம் போகமாட்டாள், யாராவது ஈரக்கையோடு பிளக்கைத் தொடப் போனால் ஓடிப்போய்க் கையைத் தட்டிவிடுவாள். அப்பனைக் கொன்றது எது என்று அவளுக்குத் தெரியும், அதனிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்று பதினோரு வருஷம் ஜாக்கிரதையாக இருந்தாள்.

அப்பன் போன வருஷமே அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை ஜெகதீசன், இருபத்துநாலு தறி வைத்திருக்கிற வீடு. ஷட்டவுன் நாளில் வந்து, மாமியார் தன் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்ணின் கழுத்தில் காதை வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டாள். “நல்ல ஓட்டம்” என்று சொல்லித் தோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். நாலு தறி பார்க்கிற பெண்ணையே கெட்டிக்காரி என்கிற ஊரில் தமயந்தி தனியாளாக எட்டுத் தறி பார்த்தாள், விருந்தாளி வந்தால் ஷட்டவுன் நாளில் அவளைக் கூப்பிட்டு நிறுத்திக் கழுத்தைக் கேட்கச் சொல்லுவார்கள், அவளும் வெட்கத்தோடு தலையைச் சாய்த்துக் கொடுப்பாள்.

கல்யாணமாகி ஆறாம் வருஷம் முதல் குழந்தை உண்டானது. டவுன் டாக்டரம்மா மூன்று தடவை கேட்டார்கள், வீட்டில் யாருக்காவது பிரஷர் உண்டா என்று. மூன்று தடவையும் தமயந்தி சுத்தமான மனசோடு சொன்னாள்.

“இல்லீங். எங்கப்பா கரண்ட் அடிச்சுச் செத்தாருங். மத்தவிக எல்லாம் நல்லா இருக்கறமுங்.”

பிரஷரும் அப்போது சரியாகத்தான் இருந்தது. அதனால் மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள். ஏழாம் மாதம் முகம் வீங்கியது, பிள்ளை நன்றாக வளர்கிறது என்றாள் மாமியார். தலை வலித்தது, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எட்டாம் மாதம் ஒரு காலையில் குழந்தை அசையவில்லை. பிறகு டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, “குடும்பத்துல பிரஷர் இருந்திருந்தா முதல்ல இருந்தே பக்கத்துல வச்சுப் பாத்திருப்போம், இது எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலையேம்மா” என்றார்கள். அவளுக்கும் தெரியவில்லை. தான் ஈரத்தரையில் நின்று தறி ஓட்டியதால் இருக்கும், கரண்ட் உள்ளே இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் வயிறு திறக்கவில்லை. திறந்தபோது அவளுக்கு முப்பது வயது. ஐந்தாம் மாதத்தில், ஒரு ஷட்டவுன் வியாழக்கிழமை, அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். பாவாயி கீரை கடைந்திருந்தாள், அண்ணி கோமளா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள், அர்த்தநாரி தானே தங்கச்சிக்குப் பரிமாறுவேன் என்று ரசக் கரண்டியோடு குனிந்தான். அவன் கழுத்து அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதில் சத்தமே இல்லை.

தறி நின்றாலும் மனிதச் சத்தம் நிற்காது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலில் நிற்காது, தூக்கத்தில் நிற்காது, தையல்காரன் செத்தபோதுகூட முக்கால் மணி நேரம் கழித்துத்தான் நின்றது.

“அண்ணா, உன்ற சத்தம் எங்க?”

கரண்டி அப்படியே நின்றது. பதில் அடுப்படியிலிருந்து வந்தது, தங்கச்சியிடம் மறைப்பது தெரியாத கோமளாவிடமிருந்து.

“அதா, மாத்தர போடறாரல்ல. உப்பும் சேத்தறதில்ல, வெடியால ஆத்துக்கரை வரைக்கும் நடக்கறாரு. நூலெடுக்கப் போறேன்னு மாசமானாப் போயி நர்சம்மாகிட்ட பிரசரு பாத்துட்டு வர்ராரு. அப்படியே கொறஞ்சு கொறஞ்சு சத்தமே போயிருச்சு. ஏன், உனக்குத் தெரியாதா?”

அப்பளம் கருகும் வாசனை வந்தது. பாவாயி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, நர்ஸ் கமலவேணி அவனுக்குச் சொன்னதை அப்படியே சொன்னான். கழுத்தில் கேட்பது நரம்பின் சத்தம். பிரஷர் இருக்கிற தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு நரம்பு பிறவியிலேயே முறுக்கேறி ஓடும். இரத்தக் குழாய்களை விடாமல் பிடித்து இறுக்கிக்கொண்டே இருக்கும். பட்டையைக் கட்டி அளந்தால் ஆரம்பத்தில் எல்லாம் சரியாகவே காட்டும், சத்தம்தான் முன்னால் வரும், பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் பிரஷர் வரும். எண்ணெய் போட்ட தறி இல்லை அது, ஓயாமல் ஓடித் தேய்கிற தறி.

“அப்ப அப்பாவுக்கு?”

பாவாயிதான் சொன்னாள். தறிக்கு நடுவே விழுந்தபோது செங்கோடனின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கையும் காலும் போய்விட்டன, தமயந்திக்குச் சொல்லி அனுப்பாமல் ஈரோட்டில் மூன்று நாள் வைத்திருந்தார்கள், தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். வாயைத் துணியால் கட்டியது கோணல் தெரியாமல் இருக்கத்தான்.

“உன்னையக் கட்டிக்குடுக்கோணுமல்ல கண்ணு. உன்ற சத்தத்த வெச்சுத்தான நல்ல எடமா வந்துச்சு. பிரசருனு ஒருத்தன் வாயில வந்துருந்தா அந்தச் சத்தமே உனக்குக் கொறையாப் போயிருக்கும். நானும் அவனுமாத்தான் பேசி முடிவு பண்ணுனோம்.”

“உனக்கு எப்பத் தெரியும் அண்ணா? சத்தத்தப் பத்தி.”

அவன் தரையைப் பார்த்தான். “நாலு வருசமாத்தான் அம்மணி. அதுக்கு முன்னாடி எனக்கே தெரியாது. அப்பா விசயத்தத்தான் மறச்சோம். இது எனக்குத் தெரியாது.”

குழந்தை போய் ஐந்து வருஷம். தமயந்தி மனசுக்குள் அதைக் கணக்குப் போட்டாள், நாலைவிட ஐந்து பெரியது என்பதில் அவளுக்கு எத்தனை ஆறுதல் என்று சொல்லி முடியாது. அப்போது இவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்றைக்கு எழுந்து வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் காலையில் கரண்ட் இருந்த வீட்டில், முந்தானையை விரலில் சுற்றாமல், வெறும் விரலால் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். விளக்கு எரிந்தது, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குத்தான் முதலில் அழுதாள், அத்தனை வருஷம் பயந்த பயமெல்லாம் தப்பான இடத்தில் போட்ட பயமாகிப்போனதற்கு.

ஜெகதீசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

“மாத்தர போட்டா சத்தம் நின்னுருமா?”

கேட்டபிறகு அவனுக்கே அவமானமாகப் போய்விட்டது போலிருக்கிறது, சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்து வெளியே நிறுத்தினான். மாமியார் வாசலில் நின்று, சத்தத்தைக் கேட்டுத்தானே கட்டிக்கொண்டு வந்தோம், இப்போது அதையும் நிறுத்தப் போகிறார்களாம் என்று தறிச் சத்தத்துக்கு மேலே எழும்பிச் சொன்னாள். தமயந்தி அவள் உதட்டைப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கமலவேணி அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, இன்றைக்கே டவுன் டாக்டரம்மாவிடம் போக வேண்டும் என்று சீட்டு எழுதினாள். எழுதிக்கொண்டே கேட்டாள்.

“இத்தன நாளு ஏன் கண்ணு வர்ல? உங்கண்ணன் சொல்லியுமா?”

“அவருக்கே நாலு வருசமாத்தானுங் தெரியும்.”

கமலவேணி எழுதுவதை நிறுத்தினாள். எழுந்து அலமாரியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து, தூசியைத் தட்டி, பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தாள். செங்கோடன் மகன் அர்த்தநாரி என்று எழுதி, பிரஷர் அளவு எழுதி, பக்கத்தில் அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். தேதி, அப்பன் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்.

“அன்னிக்கே எல்லாத்தையும் வெவரமாச் சொல்லி, தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்கன்னேன். நானே பக்குவமாச் சொல்லிக்கறனுங்கன்னாரு. நீ கட்டிக்கிட்டுப் போயிட்ட. சொல்லியிருப்பாருன்னுதான் நானும் இருந்துட்டேன்.”

அவன் மாதா மாதம் வந்திருந்தான். பதினோரு வருஷம், ஒரு மாதம் விடாமல். அவள் கல்யாணம் நடந்த மாதமும் வந்திருந்தான், அவள் முதல் குழந்தையைச் சுமந்த எட்டு மாதமும் வந்திருந்தான், குழந்தை போன மாதத்திலும் கையெழுத்து இருந்தது. தன் கழுத்துச் சத்தத்தை மட்டும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்துக்கொண்டிருந்தான். தமயந்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள், கோபம் வரவில்லை. பெற்றவளே மறைத்ததைக்கூட அவளால் எங்கேயாவது வைத்துவிட முடிந்தது. இவனை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதைப்பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. மாத்திரை போட்டாள், உப்பைக் குறைத்தாள், எட்டுத் தறியை விட்டுவிட்டு இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்தாள். அடிக்கடி டவுனுக்குப் போனாள். டாக்டரம்மா ஏழரை மாதத்திலேயே வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள், ஒன்றரைக் கிலோ, பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்தாறு நாள் இருந்து பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த மாதம் ஷட்டவுன் நாளில் ஊரே வந்து தொட்டிலைச் சுற்றி நின்று கேட்டது. தெளிவாக ரீங்கரித்தது. மாமியார் திருஷ்டி சுற்றிப்போட்டாள். தமயந்தி மட்டும் அந்தக் கழுத்தைக் கேட்டபடி ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தாள், உன்னிடம் ஒன்றையும் மறைக்கமாட்டேன் என்று குழந்தையிடமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்து குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்தார்கள். ஜெகதீசன் வீட்டார் முறைப்படி போய்த் தாய்மாமனை அழைத்தார்கள், தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தக் குழந்தைக்கு மொட்டை அடிக்கிறது. அர்த்தநாரி தோடும் பட்டுப்பாவாடையும் பழத்தட்டும் மேளமுமாக வந்தான். அன்றைக்கும் ஷட்டவுன் நாள்தான், கூட்டம் வசதியாக இருக்கும் என்று அந்தத் தேதியை வைத்திருந்தார்கள். மணைப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புது வேட்டியை மடியில் நன்றாக விரித்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினான். நாவிதர் கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றார். மேளம் நின்றது. ஊரெல்லாம் சத்தமில்லாமல் இருந்தது.

தமயந்தி குழந்தையைக் கொடுக்கவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே அவன் முன்னால் நின்றாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கறேன். மொதக் கொழந்தையத் துணியில சுத்தி நீதான் ஆத்துக்கரைக்கு எடுத்துட்டுப் போன. நீதான் குழியில எறக்குன. அப்ப உனக்குத் தெரியுமா?”

கோமளா தலையைக் குனிந்துகொண்டாள். பாவாயி, “இப்ப எதுக்குச் சாமி அதெல்லாம்” என்று முன்னால் வந்தாள். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அந்தக் கூட்டத்தில் யாரும் அவனை மறித்திருக்கமாட்டார்கள், தமயந்தியேகூட மறித்திருக்கமாட்டாள். அவன் நீட்டிய கையை மடக்காமல் அவளை அண்ணாந்து பார்த்தான்.

“தெரியும் அம்மணி.”

பிறகு யாருக்கும் கேட்காத குரலில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். “அப்பச் சொல்லியிருந்தா அந்த வீட்டுல உன்னைய வெச்சிருக்கமாட்டாங்க.”

“கொழந்தைய வெச்சிருந்திருப்பேனேண்ணா.”

அவள் சத்தம் போடவில்லை. அவனைத் தாண்டி நடந்து, பலகை போடாத வெறுங்கல்லில் உட்கார்ந்து, குழந்தையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, நாவிதரைப் பார்த்தாள்.

“ஆரம்பிங்க.”

“தாய்மாமன் மடி இல்லாம எப்படிங்க அம்மணி?”

“நான் புடிச்சுக்கறனுங். தண்ணியத் தெளிங்க.”

கழுத்தில் சத்தம் வந்ததை அரை நாளில் ஏற்றுக்கொண்ட ஊர் அது. தட்டில் பொன்வண்டு நடந்தபோதும் சிரித்துவிட்டுப் பஜ்ஜியை எடுத்துச் சாப்பிட்ட ஊர். ஆனால் தாய்மாமன் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்க ஒரு குழந்தை தாய் மடியிலேயே மொட்டை அடித்துக்கொண்டதை அதனால் நம்ப முடியவில்லை. இப்படி ஒரு அதிசயத்தைத் தங்கள் ஆயுசில் பார்த்ததில்லை என்று பெரியவர்கள் எல்லாம் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள், இன்றைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாவிதர் தண்ணீரைத் தெளித்தார், குழந்தை வீரிட்டு அழுதது. தமயந்தி அதன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். அர்த்தநாரி மடியை விரித்தபடியே உட்கார்ந்திருந்தான், அவனை எழுந்திருக்கச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.